புகை அடங்கிய பிறகு

“எரிச்சாலும் செம்பு செம்புதானே சார்? பிளாஸ்டிக் போயிரும், செம்பு நிக்கும். இதுல என்ன குத்தம் கண்டீங்க?”

கேட்டவர் கிள்ளிப்பாலம் பக்கம் ஆக்ரிக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. தமிழ்நாட்டில் காயலான் கடை என்போமே, அதுதான் திருவனந்தபுரத்தில் ஆக்ரிக் கடை. அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் நாகர்கோவிலுக்கு அப்பால். சாலைக் கடைவீதிக்கு எடுபிடியாக வந்து, வண்டி தள்ளி, பிறகு சொந்தமாகத் தராசு வைத்தவர். அவர் கடையில் தீ வைப்பதில்லை. சுற்றிலும் வீடுகள். 2022 ஜனவரியில் கிள்ளிப்பாலத்தில் ஓர் ஆக்ரிக் கிடங்கு பற்றி எரிந்த பிறகு அந்த வட்டாரத்தில் பீடி பற்ற வைத்தாலே ஆள் எட்டிப் பார்க்கும். ஆனால் வயர் கட்டுகள் அவர் கடையிலிருந்து லாரி ஏறுகின்றன. எங்கேயோ ஓர் இடத்தில் யாரோ அவற்றுக்குத் தீ வைக்கிறார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கேள்வி நியாயமானது. பதில் கொஞ்சம் நீளம், இரண்டாவது சாயாவும் சொல்ல வேண்டியிருக்கும்.

வயரின் மேல் உறை பெரும்பாலும் பிவிசி. மளிகைக்கடை பிளாஸ்டிக் பையில் கார்பனும் ஹைட்ரஜனும்தான் இருக்கும். பிவிசியில் கூடவே குளோரின் இருக்கிறது. கொஞ்சநஞ்சமில்லை, கலப்பில்லாத பிவிசியின் எடையில் 57 சதவீதம் குளோரின்தான். தீ வைத்ததும் முதலில் கிளம்புவது ஹைட்ரஜன் குளோரைடு வாயு. ஈரத்தில் பட்டால் அதுவே ஹைட்ரோகுளோரிக் அமிலம், கக்கூஸ் கழுவ வாங்குகிறோமே, அந்த ஆசிட். கண்ணிலும் தொண்டையிலும் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. வயர் எரியும் இடத்தில் கண் கரித்து இருமல் வருவது இதனால்தான். “காத்து அடிக்கிற பக்கம் நிக்காம இருந்தா போதும்” என்பார் அண்ணாச்சி. இந்த வாயுவைப் பொறுத்தவரை அது பாதி சரி.

மூக்குக்குத் தெரியாத வேலை அடுத்து நடக்கிறது. டயாக்சின் என்று ஒரு ரசாயனக் குடும்பம். இதை யாரும் வேண்டுமென்று தயாரிப்பதில்லை. கார்பன், குளோரின், ஆக்சிஜன் மூன்றும் 200 முதல் 450 டிகிரி வரையிலான சூட்டில் கொஞ்ச நேரம் கூடியிருந்தால் தானாக உருவாகும். பக்கத்தில் செம்பு இருந்தால் பல மடங்கு வேகமாக உருவாகும். செம்பு அந்த வினையைத் தூண்டிவிடுகிறது, ஆனால் தான் செலவாவதில்லை. ஆக அண்ணாச்சி சொன்னது சரிதான், செம்பு செம்பாகவே நிற்கிறது. நின்றபடியே இந்தக் காரியத்தையும் செய்து முடிக்கிறது. குளோரின் நிறைந்த உறைக்குள் செம்புக் கம்பியை வைத்து, மந்தமான தீயில் போடுகிறோம். டயாக்சின் செய்ய வேண்டும் என்று யாராவது சமையல் குறிப்பு எழுதியிருந்தால் இதைத்தான் எழுதியிருப்பார்.

தீ நன்றாக எரிந்தால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். ஆகும், ஆனால் எவ்வளவு நன்றாக என்பதுதான் விஷயம். முறையான குப்பை உலைகளுக்கு ஐரோப்பாவில் வைத்திருக்கும் அளவு 850 டிகிரி. அந்தச் சூட்டில் புகை இரண்டு நொடியாவது தங்க வேண்டும். அப்போதுதான் டயாக்சின் உடையும். அதோடு முடியவில்லை. வெளியேறும் புகையைச் சட்டென்று குளிர வைக்க வேண்டும். மெல்ல ஆறவிட்டால் அதே 450க்கும் 200க்கும் இடையில் உடைந்தது மறுபடி ஒன்று சேர்ந்துவிடும். காலிமனையில் ஒரு டயரைப் போட்டு, அதன்மேல் வயர் கட்டைப் போட்டு, பெட்ரோல் தெளித்துக் கொளுத்தும் தீயில் நடுவே ஒரு சூடு, ஓரத்தில் ஒரு சூடு. புகை போகிற போக்கில் ஆறிக்கொண்டே போகிறது. அங்கே இரண்டு நொடியை யார் எண்ணுவது?

டயாக்சின்களில் மிகக் கொடியதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் முதல் வகுப்பில் சேர்த்தது. புற்றுநோயைத் தவிர ஹார்மோன்களைக் குழப்புவது, நோய் எதிர்ப்பைக் குறைப்பது, வயிற்றிலிருக்கும் குழந்தையின் வளர்ச்சியைப் பாதிப்பது என்று பட்டியல் நீளும். உடம்பில் புகுந்ததில் பாதி வெளியேற ஏழு முதல் பதினோரு ஆண்டுகள் ஆகும். மீன் வறுத்த சட்டியை வெறும் தண்ணீரில் கழுவினால் நெடி போகாது அல்லவா, அதுபோலத்தான் இதுவும். தண்ணீரில் கரையாது, கொழுப்பில் ஒட்டிக்கொள்ளும். சிறுநீரோடு போய்விடும் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கொழுப்பில் ஒட்டும் என்றால் பாலில் ஒட்டும், முட்டையில் ஒட்டும், தாய்ப்பாலிலும் ஒட்டும். மனிதர்களுக்கு டயாக்சின் வந்து சேருவதில் 90 சதவீதத்துக்கு மேல் சாப்பாட்டின் வழியாக, முக்கியமாக இறைச்சி, பால், மீன் வழியாக என்கிறது உலக சுகாதார அமைப்பு. புகை மேலே போய் மறைவதாக நாம் நினைக்கிறோம். அது போய் உட்காருவது புல்லிலும் மண்ணிலும். மாடு புல்லைத் தின்கிறது. கோழி மண்ணையே கிளறித் தின்கிறது. கானா நாட்டு அக்ரா நகரில் அக்போக்ப்ளோஷி என்று ஒரு பழைய சாமான் பேட்டை இருந்தது. வயர் எரிப்பதற்கு உலகம் முழுக்கப் பேர்போன இடம். அங்கே மேய்ந்த கோழிகளின் முட்டையைச் சோதித்து 2019இல் ஓர் அறிக்கை வந்தது. அந்த முட்டையில் ஒன்றைச் சாப்பிட்டாலே ஒருவர் ஒரு நாளைக்குத் தாங்கலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் அளவைப் போல 220 மடங்கு உள்ளே போகும் என்பது கணக்கு. அந்தப் பேட்டையை 2021இல் இடித்துவிட்டார்கள். மண்ணை இடிக்க முடியாது.

திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. கரமனையிலிருந்து களியக்காவிளை போகும் ரோட்டில் பாப்பனங்கோட்டில் இருக்கும் மத்திய அரசின் நிஸ்ட் ஆய்வுக்கூடம் டயாக்சின் அளக்கத் தெரிந்த இடம். கொச்சி பிரம்மபுரத்துக் குப்பைமேட்டுத் தீயில் எழுந்த டயாக்சினை ஆராய்ந்ததும் அவர்கள்தான். அந்தக் குப்பைமேடு 2023 மார்ச் 2ஆம் தேதி மறுபடி பற்றிக்கொண்டு ஏறத்தாழப் பன்னிரண்டு நாள் புகைந்தது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள், பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அந்தப் பன்னிரண்டு நாளும் ஊரே கேட்ட கேள்வி ஒன்றுதான்: புகை எப்போது நிற்கும்? நின்றதும் பேச்சும் நின்றது. எனக்கு இதில்தான் ஆதங்கம். நாம் புகைக்குப் பயப்படுகிறோம், சாம்பலுக்குப் பயப்படுவதில்லை. எரிந்த இடத்தில் மிஞ்சும் சாம்பலும், வேலை செய்த இடத்தில் படிந்த தூசியும்தான் ஆண்டுக்கணக்காக ஆளைப் பிடிப்பவை. அவற்றுக்கு வாசனை கிடையாது.

இங்கே ஈயத்தைப் பற்றிப் பேச வேண்டும். டயாக்சின் வீட்டுக்குள் வர முட்டையும் பாலும் வேண்டும். ஈயத்துக்கு ஒரு சட்டை போதும்.

பழைய வயர் உறையில் பிவிசி சூட்டில் கெடாமலிருக்க ஈய உப்பைச் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. எரித்தால் அது சாம்பலில் நிற்கும். சர்க்யூட் போர்டுகளில் பற்றவைத்திருக்கும் சால்டரில் பழைய கலவை 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். பழைய டப்பா டிவியின் படக்குழாயில், பின்பக்கம் புனல் மாதிரி குறுகும் கண்ணாடியில், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈய ஆக்சைடு. எக்ஸ்ரே கதிர் வெளியே வராமலிருக்க அப்படிச் செய்தார்கள். 1973இல் கேரள அரசு தொடங்கிய கெல்ட்ரான் நிறுவனத்தின் டிவி ஒரு காலத்தில் இங்கே வீடு வீடாக இருந்தது. டிவி முழுசாக இருக்கிறவரை ஈயம் கண்ணாடிக்குள் அடங்கிக் கிடக்கும், யாருக்கும் தொந்தரவில்லை. பின்பக்கத்துச் செம்புச் சுருளுக்காகச் சுத்தியலால் ஒரு போடு போடும்போதுதான் விவகாரம் ஆரம்பம்.

போர்டு வேலையைக் கிட்டே நின்று பார்த்தால் ஒன்று புரியும். அடுப்பில் ஓர் இரும்புத் தகடு. அதன்மேல் போர்டைக் குப்புறக் கவிழ்க்கிறார்கள். சால்டர் இளகி மினுங்கத் தொடங்கியதும் இடுக்கியால் தூக்கித் தரையில் ஒரு தட்டு. சில்லுகள் மணி மணியாக உதிர்கின்றன. அவற்றைக் கையால் அள்ளித் தரம் பிரிக்கிறார்கள்: ஓடுவது ஒரு குவியல், ஓடாதது ஒரு குவியல், தங்கக் கால் உள்ளது தனிக் குவியல். கையுறை போட்டால் சின்னச் சில்லு விரலுக்கு அகப்படாது என்பதால் யாரும் போடுவதில்லை. அதே கை பீடி எடுக்கிறது, வடை எடுக்கிறது. ஈயம் உடம்புக்குள் போகும் பெரிய வாசல் மூக்கு என்று பலர் நினைக்கிறார்கள். மூக்கு ஒரு வாசல்தான். கையும் வாயும் சேர்ந்து திறக்கும் வாசல் அதற்குச் சளைத்ததில்லை.

உள்ளே போன ஈயத்தை உடம்பு கால்சியம் என்று எண்ணி ஏமாறுகிறது. எலும்பிலும் பல்லிலும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ரத்தத்தில் இருப்பது ஒரு மாதம் போலத்தான் தங்கும், எலும்பில் சேர்ந்தது பத்து, இருபது ஆண்டு கிடக்கும். பெண் கர்ப்பமாகும்போது குழந்தைக்குக் கால்சியம் வேண்டுமென்று எலும்பு கரைந்து கொடுக்கும், பழைய ஈயமும் கூடவே இறங்கி வரும். கல்யாணத்துக்கு முன் போர்டு பிரித்த பெண்ணின் குழந்தை, அவள் வேலையை விட்டுப் பல ஆண்டு கழித்துப் பிறந்தாலும் பங்கு பெறும் என்று பொருள். பெரியவர்களுக்கு வயிற்றைப் பிசையும் வலி, மலச்சிக்கல், ரத்தசோகை, ரத்தக் கொதிப்பு, நாள்பட்டால் மணிக்கட்டு தளர்ந்து தொங்குவது. குழந்தைகளுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. படிப்பு ஏறாது, ஒரு இடத்தில் உட்கார மாட்டான், வாத்தியார் மண்டு என்பார். உள்ளே போகும் ஈயத்தைப் பெரியவர்களைப் போல நாலைந்து மடங்கு குழந்தையின் குடல் உறிஞ்சும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு ஈயத்துக்கு இல்லவே இல்லை என்பது உலக சுகாதார அமைப்பின் நிலை.

சீனத்தில் குய்யு என்ற ஊர் நீண்ட காலம் உலகத்து மின்கழிவின் தலைநகராக இருந்தது. வீட்டுக்கு வீடு போர்டு சுடுவார்கள். 2007இல் வந்த ஆய்வு ஒன்றில் அங்கே ஆறு வயதுக்குட்பட்ட 165 குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்திருந்தார்கள். ஒரு டெசிலிட்டருக்குச் சராசரி 15.3 மைக்ரோகிராம் ஈயம். அந்தத் தொழில் இல்லாத பக்கத்து ஊரில் 9.9. இப்போது அமெரிக்காவில் 3.5ஐத் தாண்டினாலே குழந்தையைக் கவனிக்கச் சொல்கிறார்கள். பக்கத்து ஊர்க் கணக்கைப் பாருங்கள், அதுவும் ஒன்றும் நல்ல அளவில்லை. தொழில் ஒரு ஊரில் நடந்தால் தூசி அந்த ஊர் எல்லையோடு நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

“எங்க ஆளுங்க தெனம் வெல்லம் தின்னுவாங்க சார், தூசி இறங்கிரும்” என்றார் அண்ணாச்சி. வெல்லம் தூசியை இறக்காது. மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் வேறு வேறு பாதை. ஆனால் இந்த வகை நம்பிக்கைகளைச் சிரித்து ஒதுக்கிவிட எனக்கு மனசு வரவில்லை, காரணம் உண்டு. இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த உடம்பு ஈயத்தை அதிகமாக உறிஞ்சும். காலி வயிறும் அப்படியே. ஆகவே காலையில் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவது, பாலும் கீரையும் சேர்ப்பது எல்லாம் ஈயத்தின் வரத்தைக் கொஞ்சம் குறைக்கும். உள்ளே போனதை எடுக்காது. டயாக்சினிடம் எதுவும் செல்லாது. முகத்தில் கட்டும் துண்டும் அப்படித்தான், பெரிய தூசியைப் பிடிக்கும், நுண்தூசியும் வாயுவும் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

பயன் தருவது வேறு. வேலைச் சட்டையை வேலை இடத்திலேயே கழற்றி வைப்பது, அதை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காமல் இருப்பது, சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, உலர்ந்த தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பது. இவை எல்லாம் சில்லறைச் செலவு. சந்தேகம் இருந்தால் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஈயம் பார்க்கச் சொல்லலாம். என்ன தொழில் என்பதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவராகக் கேட்பது அபூர்வம். ‘ஆக்ரி’ என்று மட்டும் சொன்னால் இரும்பு என்று நினைத்துக்கொள்வார். போர்டு, வயர், பேட்டரி என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

போர்டிலிருந்து தங்கம் எடுக்கும் ஆசிட் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய செல்போன் ஒரு டன் சேர்ந்தால் அதில் ஏறத்தாழ 300 கிராம் தங்கம் இருக்கும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய கோலார் சுரங்கத்தில் 2001இல் மூடும் காலத்தில் ஒரு டன் பாறைக்கு மூன்று கிராம் போலத்தான் தேறியது. ஆசை வருவதில் ஆச்சரியம் என்ன? ஹைட்ரோகுளோரிக் மூன்று பங்கு, நைட்ரிக் ஒரு பங்கு சேர்த்த ராஜதிராவகம் தங்கத்தைக் கரைக்கும். கரைக்கும்போது பழுப்பு நிறப் புகை வரும். அதில் நைட்ரஜன் டை ஆக்சைடு இருக்கிறது. அதன் குணம் மோசமானது. சுவாசித்தவர் கொஞ்சம் இருமிவிட்டு நன்றாகவே வீட்டுக்குப் போவார். பல மணி நேரம் கழித்து, ராத்திரியில், நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். வேலைக்கும் இதற்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றாது. நெஞ்சுவலி என்று எழுதிவிடுவார்கள்.

இந்தியாவில் இந்த வேலைக்குப் பேர்பெற்ற ஊர் உத்தரப் பிரதேசத்து மொராதாபாத். பித்தளைப் பாத்திரத்துக்குப் புகழ்பெற்ற ஊர், உலோகம் உருக்கத் தெரிந்த கைகள் அங்கே ஏற்கெனவே இருந்தன. பித்தளைத் தொழில் நொடித்தபோது போர்டுகள் வந்து இறங்கின. நாட்டின் போர்டுகளில் சுமார் பாதி அங்கேதான் போகிறது என்று 2015இல் டெல்லியின் அறிவியல், சுற்றுச்சூழல் மையம் சொன்னது. எரித்து, சாம்பலை அரைத்து, ராம்கங்கா ஆற்றில் சலித்து உலோகம் எடுப்பார்கள். 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் ஆற்றங்கரையில் அந்தச் சாம்பலைக் கொட்டுபவருக்கு ஒரு லட்சம் அபராதம் என்று உத்தரவிட்டது. தெற்கே மொராதாபாத் அளவுக்குப் பேர்போன இடம் இல்லை என்று நாம் மார்தட்ட வேண்டாம். இங்கே பிரித்த போர்டு ரயிலேறி, லாரியேறி எங்கோ போகத்தான் செய்கிறது.

சுத்தமான ஊரின் கழிவு வேறு ஊரின் வாசலில் இறங்குவது நமக்குப் பழகிய காட்சி. 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவமனைக் கழிவு திருநெல்வேலிக்கு அருகே நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கொட்டிக் கிடந்தது. தீர்ப்பாயம் கெடு வைத்த பிறகு கேரளத்திலிருந்து லாரிகள் வந்து திரும்ப அள்ளிக்கொண்டு போயின. அது ஊசியும் பஞ்சும் என்பதால் ஊரார் கண்ணில் பட்டது. வயர் கட்டு யார் கண்ணிலும் படாது, அது குப்பை இல்லையே, சரக்கு.

சரக்கு என்ற பேரில் வருவதில் உள்ள ஆபத்துக்குத் தமிழ்நாட்டில் நல்ல சாட்சி கொடைக்கானல். 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் தெர்மாமீட்டர் ஆலையின் உடைந்த கண்ணாடி, பாதரசம் ஒட்டியபடியே, டன் கணக்கில் கிடந்தது வெளிவந்தது. கடைக்காரர் அதைக் கண்ணாடி என்றுதான் வாங்கியிருப்பார். ஆலை மூடியது, தொழிலாளர்களோடு நிறுவனம் ஒப்பந்தத்துக்கு வர 2016 ஆனது. அதைவிடக் கொடுமை 2010இல் டெல்லி மாயாபுரியில் நடந்தது. பல்கலைக்கழகம் ஒன்று ஏலத்தில் விட்ட பழைய ஆய்வுக் கருவிக்குள் கோபால்ட் 60 என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. பிரித்தவர்களில் ஒருவர் இறந்தார். இரண்டு இடத்திலும் படித்தவர்கள் விற்றார்கள், படிக்காதவர்கள் பிரித்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்ற சீட்டு மட்டும் சரக்கோடு வரவில்லை.

திருவனந்தபுரத்தில் சரக்குக்குக் குறைவே இல்லை. 1990இல் தொடங்கிய டெக்னோபார்க் இருக்கிறது, தலைமைச் செயலகமும் எண்ணற்ற அரசு அலுவலகங்களும் இருக்கின்றன, ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் கம்ப்யூட்டர் அறை இருக்கிறது. அரசு அலுவலகத்துச் சாமான்களை எடுக்கக் கேரள அரசின் க்ளீன் கேரளா கம்பெனி இருக்கிறது. 2011 டிசம்பரில் விளப்பில்சாலைக் குப்பை ஆலை மூடப்பட்ட பிறகு இந்த நகரம் வீட்டிலேயே தரம் பிரிக்கப் பழகியது. மாதாமாதம் ஹரித கர்ம சேனைப் பெண்கள் வாசலுக்கு வந்து பிளாஸ்டிக் எடுத்துப் போகிறார்கள். 2025இல் அவர்களே நகரப் பகுதிகளில் மின்கழிவை எடைபோட்டுக் காசு கொடுத்து எடுக்கும் ஏற்பாடும் தொடங்கியது. இதில் எனக்குப் பிடித்தது அந்தக் காசுதான். பிளாஸ்டிக் எடுக்க நாம் அவர்களுக்குப் பணம் கட்டுகிறோம், இதற்கு அவர்கள் நமக்குத் தருகிறார்கள். ஆக்ரிக்காரர் காசு கொடுக்கும்போது அரசு சும்மா கேட்டால் யார் கொடுப்பார்?

அண்ணாச்சிக்கு இதில் வருத்தம் உண்டு. “அப்ப நாங்க எங்க போறது?” என்பார். சட்டத்தைப் படித்தால் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் இல்லை. மின்கழிவுக்கென்று தனி விதிகள் 2012 மே மாதம் அமலுக்கு வந்தன. 2016இல் அவற்றை மாற்றி எழுதினார்கள். 2023 ஏப்ரல் முதல் புதிய விதிகள் நடப்பில் உள்ளன. டிவி, போன், பிரிட்ஜ் தயாரிக்கும் கம்பெனி, தான் விற்றதற்கு ஈடாக இவ்வளவு கழிவு முறையாகப் பிரிக்கப்பட்டது என்று சான்றிதழ் வாங்க வேண்டும். சான்றிதழைப் பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலை விற்கும். 2024இல் அரசு அதற்குக் கிலோவுக்குக் குறைந்தபட்சம் 22 ரூபாய் என்று விலை வைத்தது. அது அதிகம் என்று சில பெரிய கம்பெனிகள் 2025இல் டெல்லி உயர்நீதிமன்றம் போயின. கழிவு பிரிக்கும் வேலையாட்களைக் கண்டறிந்து பதிவுசெய்து பயிற்சி கொடுப்பது மாநில அரசின் வேலை என்றும் விதி சொல்கிறது. ஆனால் பணம் மேலே ஓடுகிறது, கீழே இறங்குவதில்லை. தெருத்தெருவாக அலைந்து சேகரிப்பவர் அண்ணாச்சியும் அவர் ஆட்களும். சான்றிதழ் விலை ஆலையோடு நின்றுவிடுகிறது. அந்த 22 ரூபாயில் நாலு ரூபாய் கட்டு கட்டுபவருக்கு வந்தால் எரிக்காத வயருக்கு எரித்த வயரைவிடக் கூட விலை கிடைக்கும். அபராதச் சட்டம் செய்யாத காரியத்தை அந்த நாலு ரூபாய் செய்யும் என்று நான் நம்புகிறேன்.

இத்தனைக்கும் எரித்த செம்புக்குச் சந்தையில் மதிப்புக் குறைவு. கருத்து, முறுகி, நிறம் செத்துப்போயிருக்கும். உரித்த செம்பு பளபளவென்று முதல் தர விலைக்குப் போகும். பிறகு ஏன் எரிக்கிறார்கள்? தடித்த கேபிளைக் கத்தியால் உரித்துவிடலாம், கைச்சுற்று மெஷின் இருந்தால் இன்னும் சுலபம். சார்ஜர் வயர், ஹெட்போன் வயர், கம்ப்யூட்டருக்குள் ஓடும் மெல்லிய நரம்பு, இவற்றை உரித்தால் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் சாயாக் காசு தேறாது. அதற்குத் தீ ஒன்றுதான் வேகம். இதற்கும் இயந்திரம் உண்டு. வயரைப் பொடிப்பொடியாக நறுக்கி, அதிரும் பலகையில் கொட்டிக் கீழிருந்து காற்று ஊதும். கனமான செம்பு ஒரு பக்கம் நகரும், லேசான உறை மறுபக்கம் போகும். தீயும் இல்லை, புகையும் இல்லை, தூசி பிடிக்க மட்டும் பை மாட்ட வேண்டும். ஒரு கடைக்காரர் தனியாக வாங்கக்கூடிய விலை இல்லை. பத்துக் கடை சேர்ந்தால் முடியும், கூட்டுறவுக்குப் பேர்போன மாநிலத்தில் ஆக்ரிக்காரர்களுக்கு மட்டும் சங்கம் கூடாதா என்ன? அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோது இயந்திரத்தின் விலையைக் கேட்டார். பிறகு கரண்ட் எத்தனை யூனிட் இழுக்கும் என்று கேட்டார். நல்ல கேள்விகள்.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது இதைவிடச் சுலபம். சாயங்காலம் முற்றம் கூட்டிச் சருகுக்குத் தீ வைக்கும் வழக்கம் இந்த ஊரில் இன்னும் இருக்கிறது. அந்தக் குவியலில் ஒரு பழைய சார்ஜரோ சீரியல் பல்பு வயரோ போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டியூப் லைட்டையும் சிஎஃப்எல் பல்பையும் உடைக்காமல் கொடுங்கள், உள்ளே பாதரச ஆவி. உப்பிய போன் பேட்டரியைக் குத்தாதீர்கள், முனையில் டேப் ஒட்டித் தனியாக வையுங்கள். டிவியோ கம்ப்யூட்டரோ கொடுக்கும்போது முழுசாகக் கொடுங்கள். செம்பை நாமே எடுத்துக்கொள்வோம் என்று பின்பக்கத்தை உடைத்தால் ஈயத் தூசி நம் வீட்டுத் திண்ணையில்தான் விழும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக இன்வெர்ட்டர் பேட்டரி. போனைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், ஒரு வீட்டில் இருக்கும் ஈயத்தில் மிகப் பெரும்பங்கு மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் அந்தப் பெட்டிக்குள்தான். அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். யுனிசெஃப் 2020இல் வெளியிட்ட கணக்கில், ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் உள்ள குழந்தைகள் இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 27.5 கோடி. அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, பழைய பேட்டரியைக் கொல்லைப்புறத்தில் உடைத்து உருக்குவது. ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டுத் தகட்டை உருக்கும் ஆட்கள் கூடுதல் விலை சொல்வார்கள், நம்பிக் கொடுத்துவிடாதீர்கள். பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2001லிருந்தே விதி இருக்கிறது. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள், பில்லில் அதை எழுதச் சொல்லுங்கள்.